பிராங்க்ளினின் அல்ஜிப்ரா

1772 செப்டம்பரில் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு தயக்கம். லீட்ஸ் நகரில் போதகர் உத்தியோகம் இருக்கிறது. ஷெல்பர்ன் பிரபு தம்மிடம் நூலகராக வரும்படி அழைக்கிறார். லண்டனிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். என்ன செய்வதென்று சொல்ல விவரம் போதாது, எப்படி முடிவெடுப்பதென்று சொல்கிறேன் என்றார் அவர். தாளை நடுவில் கோடிட்டு, ஒருபுறம் சாதகம், மறுபுறம் பாதகம் என்று மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். எடை ஒத்தவற்றை இருபுறமும் அடித்துவிட வேண்டும். மிஞ்சுகிற பக்கமே முடிவு. ஒழுக்க அல்ஜிப்ரா என்று இதற்குப் பெயரும் வைத்தார்.

யார் கையில் கொடுத்தாலும் ஒரே விடை தருவதைத்தான் இன்று அல்காரிதம் என்கிறோம். இது தருமா? வங்கியில் பற்று வரவு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இடறல் உடனே தெரியும். பேரேட்டில் இரண்டு பக்கமும் ரூபாய். பிரீஸ்ட்லியின் தாளில் ஒரு பக்கம் சம்பளம் என்றால் மறுபக்கம் சுதந்திரம். எடை போட்ட பிறகுதான் அடிக்க முடியும். எடை போடுவதற்கோ விதி இல்லை. அல்ஜிப்ராவின் துல்லியம் இதில் வராதென்று பிராங்க்ளினே அக்கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். அவசரத்தைத் தடுக்கும் என்பதுதான் அவர் கோரியது. அதுவரை நியாயம். (பிரீஸ்ட்லி 1773ல் ஷெல்பர்னிடம் போனார். 1774ல் ஆக்ஸிஜனைப் பிரித்தது அங்கிருந்தபோதுதான். எந்தப் பத்தியிலும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாத சாதகம்.)

1779ல், கல்யாண விஷயத்தில் தடுமாறிய ஓர் உறவுக்காரருக்கும் இதே வழியைச் சிபாரிசு செய்தார்.

தம் மகன் விஷயத்தில் என்ன செய்தார்? வில்லியம் நியூ ஜெர்சியின் கவர்னர். புரட்சியில் மன்னர் பக்கம் நின்று சிறைப்பட்டவர். 1784ல் சமாதானம் வேண்டித் தகப்பனாருக்கு எழுதினார். பதிலில், கருத்து வேறுபாட்டுக்காகக் குறை சொல்லக்கூடாது, மனிதர் யாவரும் தவறக்கூடியவர்களே என்கிறார் பிராங்க்ளின். அரசியல் கடமைக்கும் முந்திய இயற்கைக் கடமைகள் உண்டு, இதைப்போல் எதுவும் தம்மைப் புண்படுத்தியதில்லை என்றும் சொல்கிறார். இரண்டு பத்திகளும் அக்கடிதத்தில் இருக்கின்றன. ஒரு வரிகூட அடிபடவில்லை. தகப்பனுக்கும் இயற்கைக் கடமை உண்டென்பது எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

1785ல் சவுதாம்ப்டனில் இருவரும் சந்தித்தார்கள். வில்லியமின் நியூ ஜெர்சி நிலம் அவருடைய மகன் டெம்பிளுக்கு, வாங்கிய விலைக்கும் குறைவாக எழுதி வாங்கப்பட்டது. தகப்பனாரிடம் பட்டிருந்த பழைய கடன்கள் அந்த விலையில் கழிக்கப்பட்டன. அந்தக் கணக்கு நேராயிற்று. பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.