தெருப்பூனைக்கு உதவுவோர் அறிய வேண்டியவை: கடி, கீறல், சிகிச்சை, புகலிடம்

காயம்பட்ட தெருப்பூனை ஒன்று மாடிப்படியின் அடியிலோ, வாகனத்தின் இயந்திர இடுக்கிலோ ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டால், இரக்கமுள்ள எவரும் முதலில் கையை நீட்டுவர். கை நீட்டப்பட்ட அந்தக் கணத்தில்தான் பெரும்பாலான பூனைக்கடிகள் நேர்கின்றன. வலியில் இருக்கும் பூனைக்கு உதவ வரும் கையும் அடிக்க வரும் கையும் ஒன்றே. சாதுவாக வளர்ந்த பூனைகூட அந்நிலையில் கடிக்கும்.

பூனைக்கடியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரில் பலர், “பூனைதானே, சிறு கீறல்தானே” என்று இரண்டொரு நாள் கழித்தே வருகின்றனர். நாய் கடித்தால் உடனே வருபவர்களும் பூனை கடித்தால் தயங்குகின்றனர். வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ், பெயருக்கு மாறாக, நாய்க்கு மட்டும் உரியதன்று. நோயுற்ற நாயால் கடிபட்ட பூனையும் அந்நோயைப் பெற்று மனிதருக்குப் பரப்பும். நோய்க்குறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. குறிகள் தோன்றும் முன் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதனைத் தடுத்துவிடலாம்.

முதலில் தொலைவில் நின்று கவனியுங்கள்

படுத்திருக்கும் பூனை எல்லாம் நோயுற்ற பூனை அன்று. பூனைகள் பகலின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை. ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்து மீண்டும் அதே இடத்தில் விடப்பட்ட பூனை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். குட்டிகள் மட்டும் தனியே கிடந்தால், அவை கைவிடப்பட்டவை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். தாய்ப்பூனை இரை தேடியோ, குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றும் முயற்சியிலோ சென்றிருக்கும். மழை, வெயில், நாய்கள் ஆகியவற்றால் உடனடி ஆபத்து இல்லையெனில், சில மணி நேரம் தொலைவிலிருந்து பார்த்தபின் முடிவெடுங்கள். மனிதர் அருகில் நின்றால் தாய் வராது.

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், நிற்காத இரத்தக் கசிவு, பின்னங்கால்களை இழுத்து நகர்தல் ஆகியவை இருந்தால் அன்றைய தினமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஆண்பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வராதிருப்பதை மலச்சிக்கல் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். சிகிச்சையின்றி ஓரிரு நாள்களில் பூனை இறந்துவிடும்.

நடத்தையில் ஏற்படும் திடீர் மாற்றத்தைத் தனியே கவனியுங்கள். ஆளைக் கண்டால் ஓடும் பூனை அச்சமின்றி நெருங்கி வருதல், காரணமின்றிப் பாய்ந்து தாக்குதல், குரல் கரகரத்தல், எச்சில் ஒழுகுதல், தள்ளாடுதல் ஆகியவை ரேபிஸின் அறிகுறிகளாக இருக்கலாம். இத்தகைய பூனையை நீங்கள் பிடிக்க முயல வேண்டாம். பிள்ளைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு, உள்ளாட்சி அமைப்புக்கோ அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ தெரிவியுங்கள்.

பூனையைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்லுதல்

தடித்த துண்டு அல்லது பழைய போர்வையைப் பூனையின் மேல் முழுவதும் படரவிட்டு, தலை மூடியிருக்கும் நிலையிலேயே உடலோடு சேர்த்துச் சுற்றி எடுங்கள். கண் மறைந்தால் பூனை ஓரளவு அடங்கும். பின்னர் காற்றுத் துளைகள் இட்ட உறுதியான அட்டைப்பெட்டியிலோ, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் துணிக்கூடைகளிலோ வைக்கலாம். கோணிச்சாக்கில் போட்டுக் கட்டுவது நம் ஊர்களில் பழக்கம். சாக்கின் வழியே பல்லும் நகமும் எளிதில் பாயும். மூச்சுத் திணறும் பூனைக்கு அதுவே உயிராபத்தாகும். மெல்லிய ரப்பர் கையுறை பூனைப்பல்லைத் தடுக்காது. வளர்ந்த பூனையைப் பிடரியைப் பற்றித் தூக்க வேண்டாம். பிடிக்கும் வேலையைச் சிறுவர்களிடம் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள்.

மருத்துவரைக் காணும்வரை வீட்டு மருந்து எதுவும் தர வேண்டாம். குறிப்பாக, காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும். நாய்க்கு உண்ணி நீக்கப் பயன்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகளும் அவ்வாறே. பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கண் திறக்காத குட்டி குளிர்ந்து போயிருந்தால், முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்துச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த உடலுக்குள் செலுத்தும் பால் செரிக்காது. மூச்சுக்குழாயில் புகும் அபாயமும் உண்டு. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பாலூட்டுவதும் இதே காரணத்தால் தவறு. வயிறு கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தே ஊட்ட வேண்டும்.

கடித்தாலோ கீறினாலோ

உடனே காயத்தைக் குழாய் நீரின் கீழ் வைத்து, சோப்பு இட்டு, முழுமையாக 15 நிமிடங்கள் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இது வெறும் தூய்மைக்காகச் செய்வதன்று. காயத்தில் உள்ள கிருமியின் பெரும்பகுதியை அகற்றும் சிகிச்சையின் முதற்படி இதுவே. கழுவியபின் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினியை இடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் வைக்க வேண்டாம். கட்டுப் போட்டு இறுக்கவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தடுப்பூசி அங்கு கட்டணமின்றிப் போடப்படுகிறது.

மருத்துவர் காயத்தை மூன்று வகைகளாகப் பிரித்துப் பார்ப்பார். பூனையைத் தொட்டது, உணவூட்டியது, காயமற்ற தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. இதற்குத் தடுப்பூசி தேவையில்லை, கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறலும், மேலோட்டமான கவ்வலும் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி கட்டாயம். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், ஏற்கனவே உள்ள புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியுடன், காயத்தின் உள்ளும் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாள்கள் ஆகும். அந்த இடைவெளியில் காப்பது இம்மருந்தே. பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கும். ஆகவே பூனைக்கடியில் இரத்தத்தின் அளவை வைத்து வகையை நீங்களே தீர்மானிக்க வேண்டாம்.

தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பின்னர் 3, 7, 28-ஆம் நாள்களிலும், தசைக்குள் போடும் முறையில் முதல் நாள், பின்னர் 3, 7, 14, 28-ஆம் நாள்களிலும் ஊசி போடப்படும். முதல் ஊசி போட்ட நாளைச் சுழியமாகக் கொண்டு எண்ண வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் சிலரிடம் உள்ளது. அந்தப் பழைய தடுப்பூசி நம் நாட்டில் கைவிடப்பட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. இப்போது மேற்கையில் போடப்படுகிறது. சிறு குழந்தைகளுக்குத் தொடையில் போடப்படும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் தயக்கமின்றிப் போட்டுக்கொள்ளலாம். முன்னரே முழுத் தவணையும் போட்டவர் மீண்டும் கடிபட்டால் பொதுவாக இரண்டு ஊசிகள் போதும். ஆகவே பழைய தடுப்பூசி அட்டையைப் பாதுகாத்து வையுங்கள்.

ரேபிஸ் மட்டுமே கவலை அன்று. பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் காயத்தைச் சிவந்து வீங்கச் செய்யக்கூடும். விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் பட்ட கடி, மூட்டுக்குள்ளும் தசைநாணுக்குள்ளும் சீழ் பிடிக்க வைத்துக் கையின் இயக்கத்தையே பாதிக்கலாம். வலி கூடினாலோ, விரலை மடக்க இயலாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த ஊசித் தேதிவரை காத்திராதீர்கள். வில்வாத நோய்க்கான டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். கீறல் ஆறிய ஓரிரு வாரங்களுக்குப் பின் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டினால், பூனை கீறிய செய்தியை மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள். பூனைக்கீறல் காய்ச்சல் என்ற நோய் அவ்வாறு வெளிப்படும்.

கடித்ததை மறைக்க வேண்டாம்

பூனைக்கு நாள்தோறும் சோறு வைக்கும் முதியோரும், குட்டியை ஒளித்து வளர்க்கும் பிள்ளைகளும் கடிபட்டதைச் சொல்லாமல் இருந்துவிடுகின்றனர். சொன்னால் பூனையை அடித்துவிடுவார்கள், எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். வீட்டிலுள்ளோர் இதனைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் கேள்வி “ஏன் தொட்டாய்?” என்பதாக இருந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

கடித்த பூனை உயிரோடு கண்காணிப்பில் இருப்பதே கடிபட்டவருக்கு நன்மை. ரேபிஸ் கிருமி பூனையின் எச்சிலில் வெளிப்படத் தொடங்கிய சில நாள்களுக்குள் நோய்க்குறிகள் தோன்றிவிடும். ஆகவே கடித்த நாளிலிருந்து 10 நாள்கள் பூனை நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று பொருள். பூனையை அடித்துக் கொன்றாலோ துரத்திவிட்டாலோ இந்தச் செய்தி கிடைக்காமல் போகும். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி தொடங்கலாம் என்று காத்திருப்பது கூடாது. ஊசியை உடனே தொடங்கி, பூனையையும் உடன் கவனிக்க வேண்டும். தவணைகளில் மாற்றம் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

வீட்டில் நோயாளி இருந்தால்

நீரிழிவு நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், ஸ்டீராய்டு மருந்தை நீண்டகாலம் உட்கொள்பவர் ஆகியோருக்குச் சிறு கடியும் விரைவில் பெருந்தொற்றாகலாம். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கு இரண்டாம் வகைக் காயத்துக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். உங்கள் நோயையும் மருந்துகளையும் முதலிலேயே சொல்லுங்கள். இத்தகையோர் வீட்டில் இருந்தால், புதிய பூனையைப் பிடிப்பதையும் அதன் மலத்தை அகற்றுவதையும் வேறொருவர் ஏற்க வேண்டும்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டிலிருந்து பூனையை உடனே வெளியேற்ற வேண்டும் என்ற அறிவுரை அடிக்கடி கேட்கப்படுகிறது. அது தேவையற்றது. டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறினாலும், தொற்றும் தன்மையை அடைய அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். மலத்தை நாள்தோறும் மற்றொருவர் அகற்றினால் ஆபத்து பெரிதும் குறையும். சரியாக வேகாத இறைச்சியும், தோட்டமண் பட்ட கையைக் கழுவாமல் உண்பதும் இத்தொற்றுக்கு முக்கிய வழிகள். பூனையை வெளியேற்றுபவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை.

கால்நடை மருத்துவரும் புகலிடமும்

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகமோ கால்நடை மருத்துவமனையோ உங்கள் முதல் இடம். சென்னையில் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறு விலங்குகளுக்கு விரிவான சிகிச்சை கிடைக்கும். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் ஆஃப் இந்தியா போன்ற தொண்டு அமைப்புகளும் உள்ளன.

புகலிடம் என்பது எப்போதும் சிறந்த விடையன்று. பல பூனைகள் நெருங்கி வாழும் இடத்தில், தடுப்பூசி போடாத குட்டிகளுக்குத் தொற்றுநோய்கள் எளிதில் பரவும். நலமாக உள்ள, தெருவுக்குப் பழகிய வளர்ந்த பூனைக்குச் சிகிச்சை, ரேபிஸ் தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றைச் செய்து பழைய இடத்திலேயே விடுவது நல்லது. பூனையின் கருக்காலம் ஏறத்தாழ 9 வாரங்களே என்பதால், ஒரு கருத்தடை பல குட்டிகளின் துன்பத்தைத் தவிர்க்கும். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் சேர்ப்பதானால், முதல் இரண்டு வாரங்கள் தனியறையில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் செய்த பின்னரே பிள்ளைகளோடு பழகவிடுங்கள். முடி உதிர்ந்த வட்டத் திட்டுகள் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மனிதருக்கும் ஒட்டும்.

தெருவிலங்குகளுக்கு நாள்தோறும் உணவளிப்போரும் அவற்றைப் பிடித்துச் சிகிச்சைக்குக் கொண்டு செல்வோரும், கடிபடும் முன்னரே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசித் தவணைகளுக்கு இடையில் வெளியூர் செல்ல நேர்ந்தால், தடுப்பூசி அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள அரசு மருத்துவமனையில் அதே வரிசையில் தொடரலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.