கொல்லைப்புற மீன் குட்டைக்கு ஜல்லிச் செடிப் படுகை அமைப்பது எப்படி?

வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் விரித்து மீன் விட்டவர்களுக்கு இரண்டு, மூன்று மாதங்களில் பெரும்பாலும் ஒரே சிக்கல்தான் வருகிறது. தண்ணீர் கரும்பச்சையாகிறது. அடியில் சகதி சேர்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் சில நாட்கள் நன்றாக இருக்கும். மறுபடியும் அதே கதை. கோடையில் தென்னைக்கே தண்ணீர் எட்டாத ஊரில் இப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

துணி துவைக்கும் கல்லில் இருந்து ஓடும் தண்ணீரில் வாழையும் சேம்பும் கல்வாழையும் செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறையைத்தான் ஜல்லி, குழாய், சிறு மோட்டார் வைத்து மீன் குட்டைக்கும் செய்யப் போகிறோம். குட்டைத் தண்ணீர் ஜல்லிக்கு அடியில் நுழைந்து, மேலேறி, செடிகளின் வேர்களைத் தொட்டு, மறுபடியும் குட்டைக்கே வந்து விழும். இதுவே ஜல்லிச் செடிப் படுகை.

தண்ணீர் ஏன் கெடுகிறது?

30 சதவீதம் புரதம் உள்ள 1 கிலோ மீன் தீவனத்தில் சுமார் 48 கிராம் தழைச்சத்து இருக்கிறது. மீனின் உடம்பில் சேருவது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி 30 கிராமுக்குக் குறையாமல் தண்ணீரில் கலக்கிறது. ஒவ்வொரு கிலோ தீவனத்துக்கும் சுமார் 65 கிராம் யூரியாவைக் குட்டையில் போட்டதற்கு இது சமம்.

இந்தத் தழைச்சத்து முதலில் அம்மோனியாவாக வெளிவருகிறது. அம்மோனியா எவ்வளவு விஷமாகிறது என்பதை வெப்பமும் கார அமில நிலையும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் கார அமில நிலை 7 என்றால், மொத்த அம்மோனியாவில் விஷ வடிவில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 என்றால் சுமார் 7 சதவீதம். 9 என்றால் 40 சதவீதத்தைத் தாண்டும். பாசி மிகுந்த பச்சைத் தண்ணீரில் வெயில் ஏற ஏற கார அமில நிலை 9 வரை உயரலாம். காலையில் நன்றாக இருந்த மீன் மாலையில் சோர்ந்து மிதக்க இதுவும் ஒரு காரணம்.

படுகை என்ன செய்கிறது?

ஜல்லியின் மேல் படியும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு ஆபத்துதான். அது கூடினால் செவுள் பழுப்பு நிறமாகும். நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்கின்றன.

ஒன்றை நினைவில் வையுங்கள். செடி எடுத்துக்கொண்ட சத்து செடியில்தான் இருக்கிறது. இலை பழுத்து அங்கேயே அழுகினால் அந்தச் சத்து மறுபடியும் தண்ணீருக்கே திரும்பும். செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் கழிவு குட்டையை விட்டுப் போகும். ஆகவே படுகையை அழகுக்கு வைக்கும் செடித் தொட்டியாகப் பார்க்காமல், மாதாமாதம் அறுவடை செய்யும் பாத்தியாகப் பாருங்கள்.

எவ்வளவு பெரிதாக அமைப்பது?

மீன் வளர்க்கும் குட்டை என்றால் குட்டைப் பரப்பில் 30 சதவீதம் அளவுக்குப் படுகை இருப்பது நல்லது. கணக்குக்கு ஒரு குட்டையை எடுத்துக்கொள்வோம்.

குட்டை: 12 அடி நீளம், 8 அடி அகலம், மூன்றரை அடி ஆழம். சுமார் 9,500 லிட்டர் பிடிக்கும்.
படுகை: 8 அடி நீளம், 4 அடி அகலம். அதாவது 32 சதுர அடி, சுமார் 3 சதுர மீட்டர்.
ஜல்லி: ஓர் அடி உயரத்துக்கு 32 கன அடி. ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு.
மோட்டார்: குட்டைத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுகை வழியாகப் போய்வர வேண்டும். அதற்கு மணிக்கு 5,000 லிட்டர் தேவை.

மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, உயரம் ஏறும்போது குறையும். அதனால் பொருத்திய பிறகு நீங்களே அளந்து பாருங்கள். 15 லிட்டர் வாளி 11 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 5,000 லிட்டர் வருகிறது என்று பொருள்.

மோட்டார் 24 மணி நேரமும் ஓட வேண்டும். 100 வாட் மோட்டார் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத மின் கணக்கில் சுமார் 145 யூனிட் கூடும். இந்தச் செலவைக் கணக்கிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அமைக்கும் முறை

1. குட்டையை ஒட்டி, தரையைச் சமப்படுத்தி, ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் அல்லது செங்கல் சுவர் எழுப்புங்கள். ஜல்லியும் தண்ணீரும் சேர்ந்தால் எடை இரண்டு டன் வரும். தரை இளகலாக இருந்தால் திம்மிசு போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

2. உள்ளே கல், முள் இல்லாமல் கூட்டி, பழைய சாக்குகளை விரித்து, அதன் மேல் கனமான தார்ப்பாய் போடுங்கள். இந்த அளவுக்கு 13 அடிக்கு 9 அடி தார்ப்பாய் வேண்டும்.

3. குட்டையைப் பார்த்த பக்கச் சுவரில், ஜல்லி மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் வழிய வாய் வையுங்கள். தண்ணீர் ஜல்லிக்கு மேல் தேங்கினால் கொசு முட்டையிடும். வழியும் தண்ணீர் அரை அடி உயரத்திலிருந்தாவது குட்டையில் விழட்டும். விழும்போது காற்று கலக்கும்.

4. ஒன்றரை அங்குல பிவிசி குழாய்கள் இரண்டை, இரண்டு அடி இடைவெளியில் நீளவாக்கில் படுக்க வையுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு வீதம், குழாயின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆக்ஸா பிளேடால் வெட்டி, வெட்டுகள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு வையுங்கள். மோட்டார் குழாயில் இருந்து இரண்டுக்கும் ஒரே அளவில் தண்ணீர் பிரிய வேண்டும்.

5. இரு குழாய்களின் கடைசி முனையையும் எல்போ போட்டு ஜல்லிக்கு மேல் வரும்படி நிமிர்த்தி, மூடி போடுங்கள். அடைப்பு எடுக்க இதுதான் வழி. இதை விட்டுவிட்டால் பிறகு ஜல்லி முழுவதையும் அள்ள வேண்டியிருக்கும்.

6. குழாயைச் சுற்றி மூன்று அங்குலம் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன் மேல் ஒன்பது அங்குலம் அரை அங்குல ஜல்லி. கிரஷர் தூள் போகும்வரை ஜல்லியை அலசிய பிறகே போடுங்கள். மண், மணல், எம் சாண்ட், எரு எதுவும் வேண்டாம். அவை சந்துகளை அடைத்துவிடும். ஜல்லியில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் காரத்தன்மையை அது உயர்த்தும். வேறு ஜல்லி வாங்குங்கள்.

7. மோட்டாரைத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, வலை சுற்றி, தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு எதிர் மூலையில் இறக்குங்கள்.

மின் இணைப்பில் கவனம் தேவை. மோட்டாருக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் எர்த் இணைப்பும் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் குட்டையைச் சுற்றி வேலியும் அவசியம்.

எந்தச் செடி நடலாம்?

கல்வாழை, வெட்டிவேர், வசம்பு, சேம்பு ஆகியவை படுகைக்கு ஏற்றவை. ஓரங்களில் வள்ளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி வைக்கலாம். வேரில் உள்ள மண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, சதுர அடிக்கு ஒரு செடி வீதம், வேர் தண்ணீரைத் தொடும்படி ஜல்லியில் நடுங்கள்.

சம்பங்கோரை தண்ணீரை நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் அதன் கூர்மையான கிழங்கு தார்ப்பாயைக் குத்திவிடும். ஆகாயத்தாமரை ஏரி, வாய்க்காலுக்குப் பரவினால் ஊருக்கே தொல்லை. இரண்டையும் தவிர்க்கவும். அரளி விஷச்செடி, அதன் இலையும் பூவும் விழும் தூரத்தில் குட்டை இருக்கக் கூடாது. படுகைச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். அது நேராக மீனுக்குப் போய்விடும். இங்கே பறிக்கும் கீரையைப் பச்சையாக உண்ணாமல் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

முதல் ஆறு வாரம்

படுகை அமைத்த அன்றே அது வேலை செய்யாது. நுண்ணுயிர்கள் ஜல்லியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பத்துப் பதினைந்து மீன்கள் போதும். தீவனமும் மிகக் குறைவாகப் போடுங்கள். அலங்கார மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். இரண்டும் ஏறி, பிறகு இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் படுகை தயார். குளோரின் கலந்த ஊராட்சிக் குழாய்த் தண்ணீரை நேரடியாக விடாமல், திறந்த தொட்டியில் ஒரு நாள் வெயிலில் வைத்து விடுங்கள்.

எத்தனை மீன் விடலாம்?

இங்குதான் ஆசை கெடுதல் செய்யும். செடிகள் எவ்வளவு தாங்கும் என்பதை மீன் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. தீவனத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மீனையும் செடியையும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வெளியிட்ட கையேடு, ஒரு சதுர மீட்டர் செடிப் பரப்புக்கு நாளொன்றுக்குக் கீரை வகை என்றால் 40 முதல் 50 கிராம், காய்க்கும் செடி என்றால் 50 முதல் 80 கிராம் தீவனம் என்று கணக்குச் சொல்கிறது. நம் 3 சதுர மீட்டர் படுகைக்கு இது 120 முதல் 240 கிராம் வரை வரும்.

50 மீன்கள் தலைக்கு 200 கிராம் வளர்ந்தால் மொத்தம் 10 கிலோ. எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் நாளுக்கு 200 கிராம். படுகையின் அளவு ஏறக்குறைய அத்துடன் நிறைந்துவிடுகிறது. எனவே முதல் முறை 50 மீனோடு நிறுத்துங்கள். 200 கிராமைத் தாண்டியதும் பெரிய மீன்களாகப் பார்த்து வாரம் சிலவற்றைச் சமையலுக்குப் பிடித்துவிடுங்கள். மீதி மீனும் வளரும், தண்ணீரும் தாங்கும். எந்தத் தீவனமும் பத்து நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்கு மட்டுமே போடவும்.

கட்லா, ரோகு போன்ற கெண்டைகளை விடலாம். திலேப்பியா வளர்க்க விரும்பினால் முதலில் உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன். யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை: மோட்டார் கூடையைக் கழுவுங்கள். குட்டையில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். செடி வாங்கி மிஞ்சிய சத்து இப்படிப் போகும். கார அமில நிலையையும் பாருங்கள். நுண்ணுயிர்களின் வேலையால் அது மெல்லக் குறையும். 6.5-க்குக் கீழே போனால் கிளிஞ்சல் ஓட்டை வலைப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள்.

மாதம் ஒரு முறை: குழாய் முனை மூடிகளைத் திறந்து மோட்டாரை ஓட்டுங்கள். வரும் கலங்கல் தண்ணீரை மரங்களுக்கு விடுங்கள். செடிகளில் மூன்றில் ஒரு பங்கை அறுத்தெடுங்கள். கல்வாழைத் தண்டும் இலையும் மட்குக் குழிக்கும் மூடாக்குக்கும் ஆகும்.

ஆண்டுக்கு ஒரு முறை: அடர்ந்த வேர்க்கட்டைகளைப் பாதி பாதியாகப் பிரித்தெடுங்கள். ஜல்லி முழுவதையும் ஒரே நாளில் அலசினால் நுண்ணுயிர்கள் போய்விடும். முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மீனுக்கு நோய் வந்து உப்போ மருந்தோ போட வேண்டும் என்றால், அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் செய்யுங்கள். குட்டையில் போட்டால் செடியும் நுண்ணுயிரும் பாதிக்கும்.

மின்சாரம் நின்றால்?

ஓரிரு மணி நேரம் பரவாயில்லை. ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஜல்லிக்குள் இருக்கும் தண்ணீரில் உயிர்வளி தீர்ந்து அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் படுகையில் இருந்து வரும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால், வாடை போகும்வரை குட்டைக்கு விடாதீர்கள். மின்சாரம் நிற்கும் நேரத்தில் மீன் மேலே வந்து தவித்தால் வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அன்றைக்குத் தீவனம் வேண்டாம்.

படுகை சரியாக வேலை செய்கிறதா என்பதைச் செடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இலை வெளுத்துச் செடி நின்றுபோனால் படுகைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை, அல்லது தண்ணீரில் சத்து போதவில்லை. முதலில் வாளி வைத்து அளந்து பாருங்கள். இலை கரும்பச்சையாகத் தழைத்தும் குட்டைத் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் தீவனம் கூடுதல். அப்போது தீவனத்தைக் குறைத்து, கையில் அரிவாளை எடுங்கள்.