வீதியைக் கடந்த தவளை

1981ஆம் ஆண்டு ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'ஃப்ராகர்' என்னும் வீடியோ விளையாட்டை உருவாக்கியது. மறு ஆண்டே, மொனோபொலியால் புகழ்பெற்ற பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதனை அட்டாரி 2600 கருவிக்கேற்ப வெளியிட, தவளை வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தது.

வேற்றுக்கோள் பகைவரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள் மலிந்திருந்த காலம் அது. இந்த நாயகனிடமோ ஆயுதமில்லை. விரையும் வாகனங்களுக்கிடையே சாலையைக் கடந்து, மிதக்கும் மரக்கட்டைகளிலும் ஆமைகளின் முதுகிலும் தாவி, அக்கரையிலுள்ள ஐந்து இல்லங்களை அடைய வேண்டும். நீரில் விழுந்தால் தவளை மாண்டுவிடும் என்பதுதான் வேடிக்கை!

சாலையை ஓட்டுநரின் இருக்கையிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் நாம். அதனைக் குறுக்கே கடக்கும் சிற்றுயிரின் கண்ணால் காட்டியதே இவ்விளையாட்டின் பெருமை என்பேன்.

இலங்கையின் தம்புள்ளையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திருகோணமலை செல்லும் ஏ6 வீதியும் அங்கே கூடுகின்றன. 1999இல் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி லொறிகள் இரவிலும் வருகின்றன. மழை பெய்தால் தவளைகள் வெளிவரும் நேரமும் அதுவே. அத்தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள்ளன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. பத்திரிகைகளின் விபத்துச் செய்திகளில் அவற்றுக்கு இடமிருந்து நான் கண்டதில்லை.

விளையாட்டில் ஒரு தவளை மாண்டால் அடுத்தது வரும். வீதியில் அப்படியன்று. மழையிரவில் வண்டியோட்டுவோர் சற்றே வேகத்தைக் குறைத்தால், சில உயிர்களாவது மறுபுறம் சென்று சேரும்.