பத்து வெள்ளி உறுப்பினர்

ஈப்போ லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி முறையாகும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர இணையத்தளம் தொடங்குறோம். மாசக் கட்டணம் வாங்கலாமா, வருசத்துக்கு ஒரே தடவையா வாங்கலாமா, இல்ல இலவசமா விட்டு விளம்பரம் போடலாமா? எது நிக்கும்?"

எனக்கு வியாபாரம் தெரியாது. ஆனால் அவன் கேள்வி, பாட்டியின் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்த ஒரு காகிதத்தை ஞாபகப்படுத்தியது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் அது.

1957இல் மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு முன்னும் பின்னும், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. அவற்றை வாங்கிய பல வியாபாரிகள் தோட்டம் நடத்த வரவில்லை; சிறு சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று நம்மவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் தனியாக ஓர் ஆய்வே செய்தார். சிறு நிலக்காரருக்கு அத்தனை பால்மரம் வெட்டுபவர்கள் தேவையில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை எல்லாமே தோட்ட மண்ணில் இருந்தவை.

இதற்கு என்ன செய்வது? 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளியோடு சம்பளம் பேசலாம். முதலாளியே நிலத்தை விற்றுவிட்டுப் போனால் யாரோடு பேசுவது? நன்கொடை திரட்டலாம், ஆனால் கொடுப்பவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். கம்பெனி தொடங்கினால் அதிகப் பங்கு வைத்திருப்பவன் பேச்சே எடுபடும். கூட்டுறவில் மட்டும்தான் ஆளுக்கு ஒரு வாக்கு. 1960இல் சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் அந்த வழியைத் தேர்ந்தார். அப்போது அவர் ம.இ.கா. தலைவர், அமைச்சரும்கூட.

அடுத்தது கட்டணம். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். ஒரேயடியாக நூறு கேட்டிருந்தால் கிராணிமாரும் கடைக்காரர்களும்தான் சேர்ந்திருப்பார்கள். பத்து வெள்ளியும் லேசான காசில்லை, பல நாள் கூலி. அதனால்தான் சம்பந்தனும் கூட இருந்தவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய் நேரில் பேச வேண்டியிருந்தது.

பேசுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தோட்டத்து ஜனங்களுக்குத் தெரிந்த சேமிப்பு 'கூட்டு'. மாதாமாதம் கட்டுவார்கள், முறை வரும்போது மொத்தமாக எடுத்துக் கல்யாணமோ காதுகுத்தோ செய்வார்கள். போட்ட காசு திரும்பக் கைக்கு வரும். சங்கத்தில் போட்ட காசு அப்படி முறை வைத்து வராது. அது எங்கேயோ ஒரு நிலமாக மாறும். 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். அதைப் பேராக்கில் பால் வெட்டிய என் பாட்டி பார்த்ததே இல்லை.

அவள் இருந்த தோட்டம் சில வருடங்களில் துண்டாகிப்போனது. குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒண்டியது. சின்ன வயசில் நான் கேட்டிருக்கிறேன், "பாட்டி, காசு கட்டினியே, நம்ம தோட்டத்த ஏன் வாங்கல?"

"எல்லாத்தையும் வாங்க முடியுமாடா? எங்கயோ ஒரு லயம் பிரியாம நிக்குதில்ல, அதுல நம்ம பத்து வெள்ளியும் இருக்கு," என்றாள்.

இந்தப் பதிலைப் பல காலம் வெறும் ஆறுதல் பேச்சென்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. 1979இல் சம்பந்தன் மறைந்தபோது சங்கத்தில் 80,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். தன் வீடு காப்பாற்றப்படும் என்ற உத்தரவாதத்துக்காக மட்டும் எல்லோரும் காசு கட்டியிருந்தால், தன் தோட்டம் போன அன்றே ஒவ்வொருவராக விலகியிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். சங்கத்தின் தோட்டத்தில் வேலை செய்த உறுப்பினர் காகிதத்தில் முதலாளி; விடிகாலைப் பெரட்டில் மண்டோர் முன்னால் நிற்கும்போது கூலிக்காரர். நிலம் அங்கிருந்த தொழிலாளருக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. கொடுத்திருந்தால் அதுவும் ஒருவகைத் துண்டாடலாகவே முடிந்திருக்கலாம். பொதுவில் வைத்ததால் தோட்டம் நின்றது. ஆனால் 80,000 பேருக்குச் சொந்தமான ஒன்றை, இது என்னுடையது என்று ஒரு பால்வெட்டு ஆள் உணர்வது கஷ்டம். இரண்டையும் ஒருசேரத் தரும் ஏற்பாடு எதையும் நான் கண்டதில்லை.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் தே ஆறிவிட்டது. "அப்ப மாசக் கட்டணம்தான்னு சொல்றீங்களா?" என்றான்.

"தொகைய அப்புறம் பாத்துக்கலாம். உன் ஆளுங்க கூட்டுல சேர்றாங்களா, சங்கத்துல சேர்றாங்களா? கூட்டுன்னா கட்டின காசுக்கு ஒழுங்கா பாடத்தக் கொடு, அதுல தப்பே இல்ல. சங்கம்னா, காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே பாடத்தப் படிக்கும்னு முதல்லயே சொல்லிரு. கணக்கையும் காட்டு."

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "புந்தோங்ல எத்தன பேரு கட்டுவாங்கண்ணே?" என்றான். "போய்க் கேளு, வீடு வீடா," என்றேன்.