மழைப் பாசுரத்தில் உபமானத் தெரிவு

பாசுரத்தில் ஒரு சொல் நின்றால், அவ்விடத்தில் வேறொரு சொல் ஏன் நிற்கவில்லை என்று கேட்பது பூர்வாசார்யர்களின் வழக்கம். திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிய ஆறாயிரப்படியும் இக்கேள்வியைக் கொண்டே நடப்பவை. கவி பாட விழைவார் இவற்றைக் காலக்ஷேபமாகக் கேட்டால் தனியே அணியிலக்கணம் தேட வேண்டா என்பது அடியேன் துணிபு. இங்கு நான்காம் பாசுரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நாச்சியார் திருவவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. மேற்கே மலையடிவாரத்தில் ஓரளவு நீருண்டு. கிழக்கே வர வர, அருப்புக்கோட்டை கடந்து காரியாபட்டி ஈறாக, கரிசலும் கண்மாயும் மானாவாரிப் பயிருமே காண்போம். குண்டாற்றில் நீரோடும் நாள்கள் சில. இடையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்தமைக்கு வறண்ட வானமும் ஒரு காரணம்; பட்டாசு காய்வதற்கு நல்லதான அந்த வெயில் பருத்திக்கும் கம்புக்கும் ஆவதில்லை. இச்சீமையில் பிறந்த நோன்புப் பாட்டு மழையை வேண்டுவதில் வியப்பில்லை. அம்மழையை எதனோடு ஒப்பிட்டாள் என்பதே ஆராயத்தக்கது.

இதிஹாஸங்களில் ‘சரவர்ஷம்’ என்பது பயின்று வரும் சொல். அங்கே அம்பு உபமேயம், மழை உபமானம். எல்லோரும் கண்ட மழையைக் காட்டி, போர்க்களத்தில் சிலரே கண்ட அம்புகளைக் கவி விளக்குகிறான். நாச்சியாரோ இம்முறையைத் தலைகீழாக்கினாள். மேகத்தின் கருமைக்கு எம்பெருமானின் திருமேனி, மின்னலுக்குத் திருவாழி, இடிக்கு வலம்புரி, பொழிவுக்குச் சார்ங்கத்தினின்று புறப்பட்ட அம்புகள். ஆலங்காரிகர் இதனைப் ‘ப்ரதீபம்’ என்று பெயரிட்டு நிற்பர். பெயரிட்டதனால் காரணம் விளங்கிவிடாது. உபமானம் என்பது சொல்லுகிறவருக்கு நன்கு பழகிய பொருளாக இருக்க வேண்டும். திருமாலை கட்டும் பெரியாழ்வார் இல்லத்துப் பெண்ணுக்கு நாள்தோறும் பழகியவை சங்கும் சக்கரமுமே. அரிதாக வருவது மழை. ஆகையால் அரியதைப் பழகியதைக் கொண்டு அளந்தாள். பிறர்க்கு அலங்காரமாகத் தோன்றும் இது அவளுக்கு இயல்பான பேச்சு.

திருமேனியைச் சொல்லுமிடத்தில் எம்பெருமானுக்கு அவள் இட்ட பெயர் ஊழியைத் தொட்டது. மழை வேண்டும் பாட்டில் ப்ரளயத்தை நினைப்பூட்டுவது தகுமோ என்று ஐயுறலாம். அவ்வூரில் கோயில்கொண்டிருப்பவர் வடபத்ரசாயி என்பதை நினைத்தால் ஐயம் தீரும். உலகெங்கும் நீர் சூழ்ந்தபோது ஆலிலைமேல் கிடந்து உலகங்களை வயிற்றில் வைத்துக் காத்தவர் அவர். பெருவெள்ளத்தையும் காவலையும் ஒருங்கே சொல்ல வேறு திருநாமம் இவ்வளவு பொருந்தாது. இதனை வ்யாக்யானத்தில் உள்ளதாகக் கொள்ளவேண்டா. தலத்தை நோக்கி அடியேன் கூறுவது.

‘ஆழி’ என்ற சொல் இப்பாசுரத்தில் மூன்றிடத்தில் வருகிறது. ஓரிடத்தில் கடல், ஓரிடத்தில் சக்கரம். முதலில் வருவதற்குக் கடல்போன்ற காம்பீர்யம் என்று பொருள் கொள்வர். சொல் வறுமையால் நேர்ந்த மறுநிகழ்வன்று இது. நீர் எடுக்கும் இடமும் மின்னும் படையும் ஒரே ஒலியில் கட்டுண்கின்றன. ழகரம் பதினொரு முறை வருவதால், பிள்ளைகளின் நாத் திருந்த இதைச் சந்தை சொல்லிவைப்பதும் உண்டு.

இனி அம்பு. மழைக்கு அதனை ஒப்பாக்குவதில் பெரிய இடர் ஒன்றுண்டு: அம்பு கொல்வது. பருவம் தப்பிக் கொட்டிய மழை, வெடித்து நிற்கும் பருத்தியை ஒரே இரவில் கெடுத்துப்போவதைக் காரியாபட்டிப் பக்கத்தார் அறிவர். முந்தின பாசுரத்தில் மாதம் மும்முறை மழையைக் கேட்டவள், அது தீங்கின்றிப் பெய்யவேண்டும் என்று முன்னமே வரையறுத்தாள். இங்கும் அம்பைச் சொன்னவுடன், அடுத்த அடியின் முதலில் ‘வாழ’ என்று வைத்தாள். ராக்ஷஸரை அழித்த அம்புபோல் அழிப்பதாக அன்றி, உலகம் வாழும்படி பெய்யவேண்டும் என்று வ்யாக்யானம் இதன் கருத்தை எடுத்துக்காட்டும். அம்பினின்று அவள் கொள்வது வேகமும் இடையறாமையும் மட்டுமே. கொலையை அந்த ஒரு சொல்லால் விலக்கினாள். ஒப்பில் கொள்ளும் கூறும் தள்ளும் கூறும் இவ்வாறு பாட்டுக்குள்ளேயே தீர்க்கப்பட்டன.

அதன் பின்னரே ‘நாங்களும்’ என்று தங்களைச் சேர்த்தாள். உலகம் முன்னே, நோன்பிருக்கும் ஆய்ச்சியர் பின்னே; அந்த உம்மையை நோக்கிச் சேவிப்பது.