இபாதானில் ஏறிய மண்டையோட்டுக் கொடி

நைஜீரியாவில் வாத்தியார் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் இங்கே பலர் கேட்கும் முதல் கேள்வி, “அங்கெல்லாம் பில்லி சூனியம் ஜாஸ்தியாமே?” என்பதுதான். கல்லூரிப் பையன்கள் இரவில் காட்டுக்குள் கூடி ரத்தச் சத்தியம் செய்கிறார்கள் என்று எங்கோ படித்திருப்பார்கள். கூடுவதும் உண்டு, சத்தியமும் உண்டு. ஆனால் இந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மந்திரவாதி இல்லை. பின்னாளில் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய வோலே சோயிங்கா!

லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றை ஆங்கிலேயர்கள் 1948ல் இபாதான் நகரில் தொடங்கினார்கள். படிக்க வந்தவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர். அந்த வெயிலிலும் கோட்டு, டை, நுனிநாக்கு ஆங்கிலம், தன் இனத்தான் அல்லாதவனிடம் ஓர் அலட்சியம். இதைக் கண்டு எரிச்சலான ஏழு மாணவர்கள் 1952ல் கடற்கொள்ளையர் வேஷம் கட்டினார்கள். மண்டையோடும் எலும்பும் போட்ட கொடி, கப்பல் பாஷை, ஆளுக்கொரு பட்டப்பெயர். இருபது வயதுகூட ஆகாத சோயிங்காவின் பட்டம் ‘கேப்டன் பிளட்’. சங்கத்தின் பெயர் பைரேட்ஸ். யொரூபாவா, இக்போவா என்று இனம் பார்க்காமல் ஆளைப் பார்த்துச் சேர்ப்பது, செத்துப்போன சம்பிரதாயங்களைக் கேலி செய்வது, இவ்வளவுதான் அவர்களுடைய கொள்கை. கூட்டம்தான் பூட்டிய கதவுக்குள் நடந்தது. யார் யார் உறுப்பினர் என்பது கல்லூரிக்கே தெரியும்.

ரகசியச் சங்கம் என்பது அந்த மண்ணுக்குப் புதிதில்லை. யொரூபா நாட்டில் ஓக்போனி என்ற பெரியவர்கள் சபை அரசனையே கட்டுக்குள் வைத்திருந்தது. கலபார் துறைமுகத்தில் எக்பே என்ற சிறுத்தைச் சங்கம் கடன் வாங்கி ஏமாற்றியவனைப் பிடித்துப் பணத்தை வசூலித்தது. வெள்ளைக்கார வியாபாரிகள் சிலரே பணம் கட்டி அதில் சேர்ந்தார்கள், பாக்கியை வசூலிக்க வேறு வழியில்லாமல். படிப்படியான பதவிகள், தங்களுக்குள் மட்டும் புரியும் குறியெழுத்து எல்லாம் எக்பேயிடம் இருந்தன. ஆனால் இவை நரைத்த தலைகளின் சபைகள். தப்புச் செய்த உறுப்பினரைக் கேட்க ஊர் இருந்தது. இபாதானில் நடந்தது, அந்தச் சட்டையை ஊரும் பெரியவர்களும் இல்லாத விடுதிப் பையன்கள் மாட்டிக்கொண்டது.

இருபது வருஷம் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. அறுபதுகளில் ‘எய்யே’ வந்தது. யொரூபாவில் பறவை என்று பொருள். 1972ல் பைரேட்ஸோடு பிணங்கிப் பிரிந்தவர்கள் பக்கனியர்ஸ் தொடங்கினார்கள். பிறகு எண்ணெய்ப் பணம் கொட்டியது. 1975ல் ஒரே வீச்சில் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பாடானது. 1977ல் பெனின் பல்கலைக்கழகத்தில் கறுப்பின விடுதலை பேசிக்கொண்டு ஒரு குழு எழுந்தது. சங்கிலியை வெட்டும் கறுப்புக் கோடரி அதன் சின்னம். அடிமைத்தளையை அறுப்பதற்கு என்று வரைந்த சின்னம்தான். பிளாக் ஆக்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே இன்று ஊர் கதவைச் சாத்துகிறது.

அந்தக் குழு எழுந்ததற்கு அடுத்த வருஷம் நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ராணுவ அரசு விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தியது. தேசிய மாணவர் சங்கம் தெருவில் இறங்கியது. கல்வி ஆணையர் அஹ்மாடு அலி பதவி விலகவேண்டும் என்பது கோஷம், ‘அலி மஸ்ட் கோ’. லாகோஸிலும் சாரியாவிலும் துப்பாக்கிச்சூட்டில் மாணவர்கள் செத்தார்கள். சங்கத்தைத் தடை செய்தார்கள். பெயர்ப்பலகை மாட்டி, தேர்தல் நடத்தி, கணக்குக் காட்டிய ஒரு சங்கம் போனது. பலகையே இல்லாத குழுக்களை எதைக் கழற்றித் தடை செய்வது?

நான் பெனின் நகருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரப் போனது இதற்குச் சில வருஷங்கள் கழித்து. அப்போது ஒரு நைரா ஒரு டாலரைவிடக் கூடுதல். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எங்களைப்போல வந்த வாத்தியார்களை அங்கே எந்த ஊரிலும் பார்க்கலாம். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பையன் ஒருவன் கிறிஸ்துமஸ் லீவில் பார்க்க வந்தான். நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பின்பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்புத் தொப்பி எட்டிப் பார்த்தது. பக்கத்துக் கடையில் வாழைப்பழம் பொரித்து விற்கும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் அவன் சட்டையைத் தூக்கினாள். முதுகெல்லாம் பிரம்புத் தடிப்பு. சிலது இன்னும் ஆறவில்லை. அவள் எடோ மொழியில் திட்டிய திட்டு எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எந்த ஊர்த் தாயும் திட்டும் தொனிதான். “நோ வஹாலா, சார்” என்று சிரித்தான். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

அவள் போனபின் விஷயத்தைச் சொன்னான். யூனியனில் சேர்ந்தால் போலீஸ் தேடிவரும், ரகசியக் குழுவில் சேர்ந்தால் போலீஸ் அதிகாரி மகன் பக்கத்தில் நிற்பான். சேரும் இரவில் வாங்கும் அடியைத் தாங்கிவிட்டால் போதும், மற்றவன் இவன்மேல் கை வைக்க யோசிப்பான். பூஜை, ஆவி என்று அவன் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் பேசியது முழுக்கப் பாதுகாப்புக் கணக்கு. அந்தக் கணக்கில் அப்போதைக்கு எனக்குத் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

1984ல் பைரேட்ஸ் தங்கள் கிளைகளைக் கல்லூரிகளிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆனால் விட்ட இடத்தை நிரப்ப ஆள் வரிசையில் நின்றது. போர்ட் ஹார்கோர்ட்டில் அதற்குள் வைக்கிங்ஸ் வந்துவிட்டார்கள். 1986ல் ஐ.எம்.எஃப். பாணிப் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. நைரா சரிந்தது, நாங்களும் மூட்டை கட்டினோம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வதும் மாதக்கணக்கில் வகுப்பு நடக்காமல் போவதும் வாடிக்கையானது. 1989ல் அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து மாணவர்கள் கலகம் செய்தார்கள். அதே வருஷம் ரகசியக் குழுக்களைத் தடை செய்து ராணுவ அரசின் 47ஆம் எண் ஆணை வந்தது. காகிதத்தில் கடுமையான ஆணைதான். ஆனால் மாணவர் சங்கத் தலைவர்களை மிரட்டவும் கூட்டத்தைக் கலைக்கவும் அதே குழுக்களை அதிகாரத்தில் இருந்தவர்கள் ஏவிவிட்டார்கள் என்று அந்த நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இஃபே நகரின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்தில் மட்டும் மாணவர் சங்கம் பலமாக இருந்தது. 1999 மார்ச்சில் அங்கே மாணவர்களே ரகசியக் குழு ஆட்கள் சிலரை ஆயுதங்களோடு பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள். பிடிபட்டவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மே மாதம் ராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி வந்தது. ஜூலை 10, விடிவதற்கு முன், முகமூடி போட்ட கும்பல் விடுதிகளுக்குள் புகுந்தது. தேடி வந்தது சங்க நிர்வாகிகளை. ‘ஆஃப்ரிக்கா’ என்று எல்லாரும் கூப்பிட்ட சங்கச் செயலாளர் ஜார்ஜ் இவிலாடே, சட்டம் படித்தவர், சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து ஐந்து மாணவர்கள். கொன்றவர்கள் பிளாக் ஆக்ஸ்காரர்கள் என்பது குற்றச்சாட்டு.

அதன்பிறகு இது கல்லூரிச் சமாசாரமாக நிற்கவில்லை. எண்ணெய் எடுக்கும் டெல்டாப் பகுதியில் 2003 தேர்தலுக்கு அரசியல்வாதிகள் இந்தக் கும்பல்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். தேர்தல் முடிந்ததும் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? மறுவருஷம் ரிவர்ஸ் மாநிலம் தனிச்சட்டம் போட்டது. பள்ளிக்கூடப் பையன்கள், மோட்டார் மெக்கானிக் பையன்கள் வரை ஆள் பிடிப்பது இறங்கிவிட்டது. எய்யேயும் பிளாக் ஆக்ஸும் இத்தாலி, ஸ்பெயின் போலீஸ் கோப்புகளில் ஆள்கடத்தல் பட்டியலில் இருக்கின்றன. கேப்டன் பிளட் இதற்கெல்லாம் பொறுப்பா என்றால், இல்லை என்பேன். ஆனாலும் அவருடைய எதிரிகள் இந்தக் கேள்வியை விடவில்லை, அவரும் பல வருஷமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டார்.

இஃபேயில் மட்டும் கதை வேறுவிதமாகப் போனது. கொலைக்குப் பிறகு அங்கே மாணவர்களே கும்பல்களைத் தேடித் துரத்தினார்கள். ஒவ்வொரு ஜூலை 10க்கும் கூடிச் செத்தவர்களை நினைத்தார்கள். ரகசியக் குழு தலைகாட்ட அஞ்சும் வளாகம் என்று அந்தப் பல்கலைக்கழகம் பெயர் வாங்கியது. 2017 கடைசியில், நிர்வாகிகளுக்குள் கோஷ்டிச் சண்டை என்று காரணம் சொல்லி, அந்த மாணவர் சங்கத்தையும் பல்கலைக்கழகம் இழுத்து மூடியது. பல வருஷம் அது திறக்கப்படவில்லை.