ஊர்க்கணக்கும் கப்பற்கணக்கும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சில திங்கட்கு முன் என்பால் ஒரு கடிதத்தைக் கொணர்ந்தார். தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரினின்று வந்தது அது. எழுதியவர் தமிழ் அறியாதவர். தம் பாட்டனாரின் தந்தை ஆம்பூர்ப் பக்கத்தவர் என்றும், அவர் ஊர் எது, உறவின்முறையார் எவரேனும் உளரோ என்றும் வினவியிருந்தார். கடிதத்துடன் பழங்கணக்கொன்றின் படியும் இணைந்திருந்தது. அதன்வழி யான் கற்றவற்றை நம்மவர் அறிய எழுதுகின்றேன்.

1860 முதல் 1911 வரை நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டவர். முதற் கப்பலாகிய 'துரூரோ' சென்னையினின்று புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையை அடைந்தது. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு முதலியவற்றைப் பதிந்தனர். ஓடிப்போனால் பிடித்தற்கு உதவுமென்று எழுதினரேயன்றி, நம்மவரை நினைவில் வைத்தற்கு எழுதினாரல்லர். ஆயினும் நிலமின்மையால் உள்ளூர்ச் சிட்டாவில் ஒரு வரியும் பெறாத பண்ணையாள் ஒருவனுடைய தந்தை பெயரும் புருவத்துத் தழும்பும் கடலுக்கப்பால் அழியாது நின்றுவிட்டன! 1903 முதல் சென்னை வழியாகப் பீஜித் தீவுக்குச் சென்றோர்க்கும் இத்தகைய சீட்டுக்கள் உண்டு.

இக்கணக்கைப் படித்தல் எளிதன்று. எழுத்தர் தம் காதிற் பட்டவாறே ஆங்கில எழுத்திற் குறித்தனர். முனிசாமி 'மூன்சாமி' ஆயினார். ஊர்ப்பெயர்களின் கதி சொல்லவே வேண்டா. டர்பன் அன்பரின் படியில் உள்ள ஊர்ப்பெயரை இரண்டு ஊர்களுக்குப் பொருத்தலாம். 'ஜில்லா சேலம்' எனக் கண்டு சேலத்துக்குப் பயணப்பட்டு ஏமாந்தாரையும் யான் அறிவேன். வாணியம்பாடியை உள்ளிட்ட திருப்பத்தூர்த் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆம்பூரோ வட ஆற்காட்டு ஜில்லாவின் வேலூர்த் தாலுகாவில் இருந்தது. அந்த ஜில்லாவுக்கு அக்காலத்துத் தலைநகர் சித்தூர். 2019 முதல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற்பட்டது. ஊர் நின்றவிடத்தே நிற்க, அதன் ஜில்லா மாறிக்கொண்டே வந்திருக்கின்றது.

ஊரினும் பெரிய இடர் சாதி என்னும் பத்தியில் எழுந்தது. படியில் 'பறையர்' என்றிருந்தது. அதனைக் கண்டு டர்பன் அன்பர் திகைத்து, இது பிழையோ என்று கேட்டிருந்தார். கப்பலேறும்போது வேறு சாதி சொல்லிச் சென்றவரும் உளர். அக்கரையிற் சேர்ந்தபின் பிள்ளைகளிடம் மறைத்தவரும் உளர். கடிதத்தைக் கொணர்ந்த நண்பர், "ஊரை மட்டும் எழுதுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் ஐயா" என்றார். யான் உடன்படவில்லை. அப்பெயரை விட்டுவிட்டால் ஏனைய ஏடுகளில் அக்குடும்பத்தைத் தொடர இயலாது. நம் குலப்பெயர் சர்க்கார் ஏடுகளில் பறையர் என்றும் பஞ்சமர் என்றும் வழங்கி, 1922ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் ஆதி திராவிடர் என்றாயிற்று. இதனை உணராதவர் ஒரே குடும்பத்தை இரண்டெனக் கொண்டு மயங்குவர்.

பின்னர் உள்ளூர் ஏடுகளைத் தேடினேன். குடிமதிப்புக் கணக்கிற் பெயர் கிடைக்குமென்று சிலர் கருதுவர். 1871 முதல் எடுத்த கணக்குக்களில் தொகை நின்றதேயன்றி ஆட்பெயர் நிற்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சென்னை மாகாணச் சட்டம் உண்டாயிற்று; அப்பதிவுகளிற் பெண்டிர் பலர் 'இன்னார் மனைவி' என்ற அளவிலேயே நிற்பர். 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் ஞானஸ்நானப் பதிவுகள், கிறிஸ்தவராயினார்க்குப் பெற்றோர் பெயரைத் தரும். பள்ளிக்கூடச் சேர்க்கை ரிஜிஸ்தரை முழுதும் நம்பற்க. சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் அலசிய என் பாட்டனார் தம் மகனைப் பள்ளியிற் சேர்த்தபோது, பிறந்த நாள் கேட்ட ஆசிரியர் தாமே ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். ஆசிரியர் தொழிலினனாகிய யான் இதனை மறைத்துப் பயனில்லை.

தேடியது கிடைத்த இடம் நிலக்கணக்கு. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த ஆணையினால் நம்மவர்க்குச் சில இடங்களில் நிலம் ஒப்படை செய்யப்பட்டது. பஞ்சமி நிலம் எனப்படுவது அதுவே. பத்தாண்டுவரை எவர்க்கும் விற்றலாகாது. அதன் பின்னும் நம் வகுப்பாரல்லாதார்க்கு விற்றல் செல்லாது. ஊர்க்கணக்குகள் பசலியிற் குறிக்கப்பட்டிருக்கும். பசலியோடு 590 கூட்ட ஆங்கில ஆண்டு வரும். பசலி 1325 எனின் 1915 ஜூலை தொடங்கி 1916 ஜூன் முடிய என்க.

இரண்டு ஊர்களுள் ஒன்றில் எண்பது கடந்த மூதாட்டி ஒருவர், "எங்க பங்காளி வூட்ட கப்பக்காரன் வூடுன்னு சொல்லுவாங்க" என்றார். அது கேள்வியே, சான்றன்று. ஆயின் அவ்வீட்டார் தகரப்பெட்டியில் வைத்திருந்த பழைய ஒப்படைத் தாளின் படியில், நிலம் பெற்றவர் பெயரோடு தந்தை பெயரும் இருந்தது. கப்பற்கணக்கிலுள்ள தந்தை பெயரும் அதுவே. அருகிவழங்கும் பெயராதலின் தற்செயல் எனத் தள்ளுதற்கில்லை. கப்பலேறியவனும் நிலம் பெற்றவனும் உடன்பிறந்தாராதல் வேண்டும். அந்நிலம் இப்போது நம்மவர் கையில் இல்லை. எவ்வாறு போயிற்று என்பதை அவ்வீட்டில் ஒருவரும் கூறக்கூடவில்லை.

டர்பனுக்கு ஊரையும் குலத்தையும் உள்ளவாறே எழுதினேன். ஆறு வாரங்கழித்து மறுமொழி வந்தது. கப்பற்கணக்கின் சான்றிட்ட படி ஒன்றை அவர் தம் செலவிலேயே பெற்று அனுப்பியிருக்கின்றார். வமிசாவளி காட்டுதற்கு உதவுமென்று அதனை ஊரிலுள்ள பங்காளிகள் தம் நில மனுவோடு சேர்த்துக் கொடுத்துள்ளனர். விசாரணைக்கு நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.